முதல் பட்டத்துக்கே நகையை அடகு வைக்காதீர்கள்



பிளஸ் டூ முடிவு வந்தால் போதும், "சார், பையனை ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. படிக்க வைக்கணும். இப்போ பி.பி.ஏ.வுக்கு எந்தக் காலேஜ்?" என்று கேட்டு அழைக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: முதல் பட்டத்தை அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ படிக்கட்டும்.

கணக்குப் போடுங்கள். பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அதற்கு முன்பே ஒரு தனியார் கல்லூரிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் கட்டினால், மூன்றாண்டில் 6 லட்சம் போய்விடும். அரசு கலைக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். மிச்சமாகும் பணத்தின் அளவுக்குப் பின்னால் வாங்கும் கல்விக்கடன் குறையும், வட்டியும் குறையும்.

"காலேஜ் பெயர் வேண்டாமா சார்?" என்பீர்கள். கேட் தேர்வு எழுத அங்கீகாரம் பெற்ற எந்தப் பட்டமும் போதும். 50 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. நேர்முகத்துக்கு அழைக்கும்போது பல ஐ.ஐ.எம்.கள் கேட் மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் பார்க்கின்றன. எங்கே படித்தாலும் நன்றாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டணம் குறைவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். நேரில் போய் வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றனவா, நூலகம் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். பட்டம் முடித்ததும் வேலைக்குப் போயே ஆகவேண்டிய பிள்ளை என்றால், கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் கல்லூரிக்குச் சற்றுக் கூடுதலாகக் கட்டலாம்.

மற்றவர்கள் பொறுங்கள். இப்போதே நகை அடகுக்குப் போய்விட்டால், பிள்ளை ஐ.ஐ.எம். சீட்டோடு வந்து நிற்கும் நாளில் கையில் என்ன இருக்கும்?