மலிவுத் துவக்கின் விலை

வன்னியிலே துவக்கைப் பற்றிப் பேசும்போது இன்றும் மக்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். நீண்ட போர் அச்சொல்லின்மீது வேறொரு பொருளை ஏற்றிவிட்டது. ஆயினும் போருக்கு முன்பும் இங்கே கமக்காரனிடம் துவக்கு இருந்தது. 2009இல் போர் ஓய்ந்த பின்பும் அதன் தேவை ஓயவில்லை. காட்டுப்பன்றி கிளறிய வயலை விடியற்பொழுதில் பார்த்து நிற்பவன் கேட்கும் கேள்வி எளியது: எம் கைக்கெட்டும் விலையில் எந்தத் துவக்கு உண்டு?

இக்கேள்வியைக் கேட்டதும் பட்டணத்து நாகரிகர் முகஞ்சுளிக்கின்றனர். காட்டுயிர்களின் பகைவன் என்றும், சட்டத்தை மதியாதவன் என்றும் ஏழைக்குப் பட்டம் சூட்டுகின்றனர். இவர்கள் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பார்களாக. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகள் அழிக்கப்பட்டன என எமர்சன் தெனன்ற் எழுதிவைத்துள்ளார். அன்று யானையைக் கொன்றவனுக்கு அரசே பணம் கொடுத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர்பெற்ற மேஜர் றொஜேர்ஸ் ஓர் ஆங்கில அதிகாரி. சாமுவேல் பேக்கர் என்ற துரை தம் வேட்டைக்காக 21 இறாத்தல் எடையுள்ள றைபிளைப் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் செய்வித்தார். எந்தத் துவக்கு சிறந்தது என்று தேர்ந்து பார்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. காட்டின் செல்வத்தைச் சூறையாடியவர் வேட்டை வீரர் ஆயினர். பயிரைக் காக்க நின்றவன் குற்றவாளி ஆயினான்!

இன்று கமக்காரன்முன் உள்ள துவக்குகள் மூன்று. முதலாவது, அனுமதிப் பத்திரத்துடன் கூடிய தோட்டாத் துவக்கு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இதனை ஆள்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 31உடன் அனுமதி முடிந்துவிடும். மீண்டும் புதுப்பித்தல் வேண்டும். விண்ணப்பிப்பவன் காணிக்கான பத்திரத்தையும் காட்டல் வேண்டும். துவக்கின் விலையோ ஒரு போகத்தின் மிச்சத்துள் அடங்குவதன்று.

இரண்டாவது, இடியன். குழல்வாயினூடாக மருந்தையும் ஈயத்தையும் இடித்து அடைத்துச் சுடுவது. ஊர்ப் பட்டறையில் உருவாவதால் மலிவானது. பழங்குழாய் வெடித்தாலோ சுடுபவனின் கையும் கண்ணும் போகும்.

மூன்றாவது, கட்டுத்துவக்கு. எல்லாவற்றிலும் மலிவானது இதுவே. காவலிருக்க ஆளும் வேண்டியதில்லை. விலங்கின் தடத்தில் கட்டிய கயிறு இழுபட்டதும் அது வெடிக்கும். வருவது பன்றியா, யானைக் கன்றா, விறகுக்குச் சென்ற பெண்ணா என அது அறியாது. முழங்காலுக்குக் கீழே குண்டு பாய்ந்து ஊனமுற்றோர் பெரும்பாலும் யார்? காட்டோரத்தில் வாழும் ஏழைகளே. ஏழை வைத்த பொறியில் ஏழையே விழுகிறான். துவக்கின் மலிவுக்கு ஈடாக மனித உடல் விலையாகிறது என்பதே இதன் உண்மை.

அப்படியாயின் எல்லோரும் தோட்டாத் துவக்கே வாங்கலாமே எனச் சிலர் கூறுவர். காணிப் பத்திரம் இல்லாதவன் என் செய்வான்? 1970களின் பஞ்சத்தாலும் 1977, 1983 வன்செயல்களாலும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு நெடுங்காலமாகப் பத்திரம் கிட்டவில்லை. உழைப்பு அவர்களது, உரிமை வேறெங்கோ! காட்டுக்கு மிக அண்மையில் இருப்பவனும், பயிரழிவால் முதலில் வீழ்பவனும், சட்டபூர்வத் துவக்கிலிருந்து மிகத் தொலைவில் நிற்பவனும் ஒருவனே. எனவே துவக்கின் பிரச்சினை அடிப்படையில் காணிப் பிரச்சினையே என்க.

துவக்கு எல்லாப் பிணிக்கும் மருந்து என்பதன்று எம் கருத்து. பன்றியை அது தடுக்கும், யானையைத் தடுக்காது. சிறுகுண்டு பாய்ந்த யானை புண் அழுகி நாட்கணக்கில் வருந்திச் சாகும். சாகுமுன் சினங்கொண்டு குடிசைகளைப் பிரிக்கும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். இந்த அழிவிலே வெற்றி பெற்றவர் எவருமிலர்.

வழி இல்லாமலும் இல்லை. 2020இல் பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு அரசிடம் ஒரு திட்டத்தைக் கையளித்தது. ஊரைச் சுற்றி நிலையான மின்வேலி, வயலைச் சுற்றி அறுவடைக்குப்பின் கழற்றிவிடும் பருவகால மின்வேலி, இவற்றை ஊரவரே பராமரித்தல் என்பன அதன் சாரம். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சும் கொலைவேலிக்கும், விட்டுவிட்டுப் பாயும் துடிப்பினால் விலங்கை விரட்டும் இவ்வேலிக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. இத்தகைய வேலியைத் தனியொருவன் தாங்க மாட்டான், ஊர் தாங்கும்.

துவக்கும் அவ்வாறே ஊருடைமையாதல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவான கமக்கார அமைப்புகள் ஊர்தோறும் உள்ளன. அவற்றின் பொறுப்பில், பயிற்சி பெற்ற காவலரிடம் சில தோட்டாத் துவக்குகளை ஒப்படைத்துக் கணக்குக் கேட்பதில் என்ன தடை? உழுபவனுக்குக் காணிப் பத்திரம், அழிந்த பயிருக்குக் காலந்தாழ்த்தாத நட்டஈடு, அரச செலவில் ஊர்வேலி, அமைப்பின் பொதுத் துவக்கு என்னும் நான்கினையும் கேட்பது யாசகமன்று, உரிமை.

பெரும்போகக் காலத்தில் இரவெல்லாம் பரணில் விழித்திருந்து, பகலில் வகுப்பறையில் தூங்கி விழும் பிள்ளையை ஆசிரியராகிய நாம் அறிவோம். அவனைச் சோம்பேறி எனக் கண்டிப்பதோடு எம் கடமை முடிவதன்று. அவன் தந்தையின் கோரிக்கையைக் கச்சேரி வாசல்வரை எழுத்திலும் கூட்டத்திலும் கொண்டுசெல்லல் வேண்டும். அதனைச் செய்யாதவரை, மலிவுத் துவக்கை வைத்திருந்தான் என ஏழையைப் பழிப்பதற்கு எமக்கு எவ்வித யோக்கியதையும் இல்லை.