பழைய திரான்சிற்றரும் திருமலை வெயிலும்

மின்கிற்றாரின் நாதத்தை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் ‘ஃபஸ்’ பெடலைப் பற்றித் தமிழாசிரியன் எழுதப் புகுவது விந்தையெனச் சிலர் கருதலாம். நாதம் சிதைவதிலும் இன்பமுண்டோ என வினவுவாரும் உளர். தம்புராவின் குதிரைமேல் நூலிட்டு அதிர்வைச் செறிவாக்கி மகிழ்பவர் நாம். நமக்கு இது புதிதன்று.

1961 இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்றிலே, பழுதுற்ற ஒலிப்பதிவுக் கருவியால் தற்செயலாய் எழுந்தது இவ்வொலி. 1962 இல் அமெரிக்காவில் ‘மயெஸ்ட்ரோ’ பெடலும், 1966 இல் லண்டனில் ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலும் இதற்கெனவே விற்பனைக்கு வந்தன. இரண்டும் ஜேர்மானியத் திரான்சிற்றர்களால் இயங்கியவை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனமும் 1962 இலேயே ஜேர்மானிய உறுப்புகளைச் செய்யத் தொடங்கிற்று.

இன்று நம் இளைஞர் அப்பெடலைத் தம் கையாலே அமைக்க விழைகின்றனர். விருப்பம் நன்று. ஆயின் ‘என்.கே.ரி. 275’, ‘ஏ.சி. 128’ என்னும் பெயர்களுக்கே பெரும்பொருள் ஈகின்றனர். ஒரே பெயர் பொறித்த இரண்டு ஜேர்மானிய உறுப்புகள் குணத்தால் வெவ்வேறாதல் வழக்கம். பெயரை வாங்காதீர், அளந்து வாங்குக என்பதே என் கட்சி.

அளக்க வேண்டியவை இரண்டு: ஒன்று ஓட்ட நயம், மற்றது கசிவோட்டம். (நயம் என்னும் சொல்லைப் பௌதிகவியலார் எம்மிடம் இரவல் பெற்றனர் போலும்!) 9 வோல்ற்று மின்கலத்திலிருந்து 2.2 மெகா ஓம் தடையூடாக அடிக்குச் செல்வது ஏறக்குறைய 4 மைக்குரோ அம்பியர். நயம் 100 எனின் சேகரிப்பானில் 0.4 மில்லியம்பியர் தோன்றும். அடியை இணைக்காதபோதே 0.1 மில்லியம்பியர் கசியுமாயின், மலிவான மானி இரண்டையும் கூட்டி 125 எனக் காட்டும். வணிகர் எழுதியனுப்பும் எண் பெரும்பாலும் இதுவே. ஆதலின் முதலிற் கசிவை அளந்து கழித்தல் வேண்டும். முதல் உறுப்புக்கு 70 முதல் 90 வரையும், இரண்டாவதற்கு 110 முதல் 130 வரையும் உண்மை நயம் இருத்தல் நன்று. இரண்டாவதன் சேகரிப்பானில் 4.5 வோல்ற்று அளவில் நிற்குமாறு தடையைத் திருத்திக்கொள்க.

இனி வெயிலுக்கு வருவோம். ஜேர்மானியத்தின் கசிவு ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் ஏறக்குறைய இருமடங்காகும். லண்டன் அறையொன்றில் 20 பாகையில் அளந்த 0.1, வைகாசி மாதத்துத் துறைமுக வீதி மேடையில் 35 பாகையில் 0.3 ஐ நெருங்கும். அப்பொழுது 4.5 வோல்ற்று நிலை குலைந்து நாதம் திக்கித் திணறும். இளைஞரோ தம் கைப்பணியைப் பழிப்பர்!

எனவே திறந்தவெளி மேடைக்குச் சிலிக்கனே தக்கது என்பேன். அதன் கசிவு புறக்கணிக்கத்தக்கது. அந்த லண்டன் பெடலே 1960களின் பிற்பகுதியில் சிலிக்கனுக்கு மாறிவிட்டது. ஒலி சற்றுக் கூர்மையாயிருக்கும்; நயம் குறைந்ததைத் தேர்ந்தால் அதுவும் தணியும். ஜேர்மானியமே வேண்டுமென்பார் கசிவு மிகக் குறைந்ததைத் தெரிந்து, திருத்தத்தக்க தடையொன்றைப் பெட்டியின் வெளியே கையெட்டுமாறு பொருத்துக.

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் பலர் தம்பியருக்கு இத்தகைய உறுப்புகளை அன்புடன் அனுப்புகின்றனர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொன்றின் கசிவையும், அதனை அளந்தபோது அறையிலிருந்த வெப்பநிலையையும் சிறு தாளில் எழுதி உடன் வைத்து அனுப்புக.