பதிவேட்டில் ஏறாத சாவுகள்

நாளைய சூப்பர்வைசர்களே!

டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பலருக்கு முதலில் கிடைக்கப் போகும் நாற்காலி அதுதான். ஃபேக்டரியிலோ, கட்டட சைட்டிலோ ஒரு நாள் விபத்துப் பதிவேடு நம் கைக்கு வரும். அதில் 'காரணம்' என்ற கட்டத்தில் நாம் என்ன எழுதப் போகிறோம்?

இன்று பல இடங்களில் எழுதப்படும் பதில் ஒன்றுதான்: 'தொழிலாளியின் கவனக்குறைவு.' "பார்த்து வேலை செஞ்சிருக்கணும்பா" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். மெஷினுக்குப் பாதுகாப்பு மூடி இருந்ததா, சாரத்தில் கைப்பிடிக் கம்பு கட்டியிருந்ததா, அந்த மனிதர் எத்தனை மணி நேரமாகத் தொடர்ந்து நின்றுகொண்டிருந்தார்? இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. கவனக்குறைவு என்று எழுதியதுமே விசாரணைக்குப் பூட்டு விழுந்துவிடுகிறது.

"எழுதிட்டா மட்டும் செத்தவன் திரும்பி வந்துடுவானா?" என்று கேட்பவர்கள் உண்டு. வரமாட்டான். ஆனால் ஏன் செத்தான் என்று தெரிந்தால்தானே அடுத்தவனைக் காப்பாற்ற முடியும்!

நம் கண்ணெதிரே நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச் 28 அன்று ஆழ்வார்பேட்டை சேமியர்ஸ் ரோட்டில் ஒரு மதுக்கூடத்தின் மேற்கூரை இடிந்து விழுந்தது. அங்கே வேலை பார்த்த மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் திண்டுக்கல் பக்கம். இருவர் பிழைப்புக்காக மணிப்பூரிலிருந்து வந்தவர்கள். பக்கத்தில் நடந்த மெட்ரோ ரயில் வேலைதான் காரணமோ என்று பேச்சு எழுந்தது. மெட்ரோ நிர்வாகம் மறுத்தது. நான்கு நாள் பத்திரிகையில் வந்தது, பிறகு மறந்து போனது.

அந்த மூன்று சாவும் எந்தக் கணக்கில் சேரும்? 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி, சாவு நேர்ந்தாலோ, அடிபட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனாலோ அன்று அரசுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அது தொழிற்சாலைக்கு மட்டுமே. மதுக்கூடம் தொழிற்சாலை இல்லையே! தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் 'கட்டட இடிபாடு' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதில் சேர்த்தால், வீட்டில் தூங்கும்போது சுவர் விழுந்து இறந்தவரும், வேலை செய்யும்போது இறந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். வேலையால் வந்த சாவு என்ற அடையாளமே அழிந்துவிடும்.

அமெரிக்காவில் 1992 முதல் வேறு வழியில் எண்ணுகிறார்கள். இறப்புச் சான்றிதழ், போலீஸ் அறிக்கை, இழப்பீட்டு மனு, பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒவ்வொரு சாவையும் உறுதி செய்கிறார்கள். வயலானாலும், லாரியானாலும், ஹோட்டலானாலும் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: இவர் வேலையில் இருந்தாரா?

நம் நாட்டில் 2025 நவம்பர் 21-ல் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. விபத்தை அறிவிக்கும் கடமை தொழிற்சாலையைத் தாண்டி, பொதுவாகப் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மற்ற நிறுவனங்களுக்கும் போகிறது. நல்லதுதான். ஆனால் ஏழு பேர், எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைகள் எத்தனை! அவர்களுடைய கை விரல்களை யார் எண்ணுவது?

விபத்தாவது கண்ணுக்குத் தெரிகிறது. நோய் அதுவும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் வேலையால் சாகிறார்கள். விபத்தில் சாவது 3 லட்சத்து 30 ஆயிரம். மீதி சுமார் 26 லட்சம் பேரைக் கொல்வது நோய். கல் தூசியால் நுரையீரல் கெட்டவர் ரிட்டயரான பின் வீட்டில் இறப்பார். எந்தப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறும்?

தி.நகர் ஜவுளிக் கடைகளைப் பாருங்கள். நாள் முழுக்க நின்றே புடவை விரித்துக் காட்டிய பெண்களின் கால் நரம்பு சுருண்டதை எவரும் குறித்து வைக்கவில்லை. அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-ல்தான்!

எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1993 முதல் சாக்கடையில் இறங்கி மாண்டவர்கள் அனைவரையும் கண்டுபிடித்து, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகே பழைய சாவுகளைத் தேடி எடுத்தார்கள். 2023 அக்டோபரில் அந்தத் தொகை 30 லட்சமாக உயர்ந்தது. பட்டியல் என்று ஒன்று இருந்ததால்தான் விதவைகளால் உரிமையோடு கேட்க முடிந்தது.

ஆகவே நண்பர்களே, நம் ஒர்க்‌ஷாப்பிலேயே தொடங்குவோம். லேத் சக்கில் சாவியை எடுக்காமலே ஸ்விட்சைப் போட்டதும், கண்ணாடி இல்லாமல் கிரைண்டிங் செய்ததும், யாருக்கும் அடிபடாமல் தப்பித்ததும் எல்லாமே ஒரு நோட்டில் ஏறட்டும். பெயர் வேண்டாம், திட்டு வேண்டாம். என்ன நடந்தது, எதை மாற்ற வேண்டும், அது போதும். மாதம் ஒரு முறை மாணவர் சங்கமும் ஒர்க்‌ஷாப் ஆசிரியர்களும் உட்கார்ந்து அதைப் படிக்கட்டும்.

இங்கே பழகிய கை நாளை கம்பெனியிலும் எழுதும். "விபத்தில்லா 200-வது நாள்" என்று கேட்டில் போர்டு மாட்டியிருக்கும். போர்டு கெடக்கூடாது என்று, அடிபட்டதை மறைக்கச் சொல்வார்கள். "சின்னக் காயம்தானே, விடுப்பா" என்பார்கள். அன்று பேனா நம் கையில்தான் இருக்கும். உள்ளதை உள்ளபடி எழுதுவோம்!