கேஸ் மாத்திரைக்குக் கொஞ்சம் மரியாதை கொடுங்க சாமி!

மருத்துவம்னு தலைப்பு வெச்சா நம்ம பக்கம் யாரும் எட்டிப் பாக்க மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் இந்த ஒரு தடவை பொறுத்துக்குங்க மக்களே. நம்ம வீட்டுப் பெரியவங்க உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மன்னார்புரம், பொன்மலை பக்கம் ரிட்டயர் ஆன பெரியவங்க நிறைய. மூட்டுவலி, முதுகுவலி இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்கணும். மெடிக்கல் ஷாப்ல போய் "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுப்பா"ன்னு கேட்டா, ஒரு வலி மாத்திரை, பேர் தெரியாத ஒரு கலர் மாத்திரை, கூடவே ஒரு கேஸ் மாத்திரை, சின்னக் கவர்ல போட்டுக் கைக்கு வந்துடும். சீட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது.

அந்தக் கேஸ் மாத்திரை பத்தித்தான் இந்தப் பதிவு. ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல்னு பல பேர்ல வரும். உண்மையில இது 'கேஸ்' மாத்திரையே இல்லை. வயித்துல அமிலம் சுரக்கறதைக் குறைக்கற மாத்திரை. காலைல காபிக்கு முன்னாடி ஒண்ணு, கல்யாண சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணுன்னு நாம மிட்டாய் மாதிரி முழுங்கறோம். ஆனா இதோட நிஜமான பெருமை வேற இடத்துல இருக்கு. வயித்துப்புண் வெடிச்சு ரத்தம் கொட்டற நேரத்துல உயிரைக் காப்பாத்த உதவுற மருந்து இது.

எப்படின்னு கேக்கறீங்களா? கையில வெட்டுப்பட்டா ரத்தம் உறைஞ்சு நிக்குது. வயித்துக்குள்ள அப்படி லேசுல நிக்காது. அமிலத்துல ரத்தத் தட்டணுக்கள் சரியா ஒட்டாது. அப்படியே ஒட்டினாலும், பெப்சின் அந்தக் கட்டியையும் சோறு மாதிரி செரிச்சுத் தள்ளிடும். அமிலத்தை நல்லா அடக்கி வெச்சா, கட்டி கலையாம நிக்கும், புண் மூட நேரம் கிடைக்கும்.

இதை நிரூபிச்சதுல நம்ம நாட்டுக்கும் பங்கு உண்டு. காஷ்மீர் அமைதியில்லாம இருந்த காலத்துல, ஸ்ரீநகர் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவக் கழகத்துல டாக்டர் முகமது சுல்தான் குரூவும் அவரோட குழுவும் செஞ்ச ஆய்வு 1997-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்துச்சு. ரத்தக்கசிவு புண்ணோட வந்த 220 பேர். பாதிப் பேருக்கு வாய்வழியா ஒமிப்ரசோல் 40 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 5 நாள். மீதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரை. போலி மாத்திரை சாப்பிட்ட 110 பேர்ல 40 பேருக்கு ரத்தம் நிக்கலை, இல்லை திரும்ப வந்துச்சு. மருந்து சாப்பிட்டவங்கள்ல 12 பேருக்குத்தான் அப்படி. ஆபரேஷன் 26-லேர்ந்து 8 ஆச்சு.

ஆனா அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு, அதுதான் எனக்கு முக்கியம். ரத்தம் பீச்சி அடிக்கறவங்களுக்கும் விடாம கசியறவங்களுக்கும் மாத்திரை மட்டும் பெருசா கை கொடுக்கலை. அங்க குழாய் விட்டுப் பாத்து (எண்டோஸ்கோப்பி), ஊசி போட்டோ, சூடு வெச்சோ, கிளிப் மாட்டியோதான் அடைக்கணும். 2000-ல ஹாங்காங் மருத்துவர்கள் அப்படி அடைச்ச பிறகு 72 மணி நேரம் ஒமிப்ரசோலை நரம்பு வழியா விடாம ஏத்தினாங்க. 30 நாளுக்குள்ள திரும்ப ரத்தம் வந்தது 6.7 சதவீதம் பேருக்கு. மருந்து ஏத்தாதவங்கள்ல 22.5 சதவீதம். ஆக, குழாயும் மருந்தும் ஜோடி. வீட்டுல மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுத்துக்கறது அந்த ஜோடியைப் பிரிக்கற வேலை.

எங்க தெருவுலயே ஒரு பெரியவர். மலம் தார் மாதிரி கருப்பா போச்சாம், தலை சுத்தலாம். "சூடு, கேஸு"ன்னு ரெண்டு நாள் மோரும் மாத்திரையுமா ஓட்டிட்டார். மூணாம் நாள் மயங்கி விழுந்தப்புறம்தான் ஆஸ்பத்திரி. பல பாட்டில் ரத்தம் ஏத்திப் பொழைச்சார். மருமகள் என்கிட்ட சொன்னது: "மாமா வலிக்குதுன்னு சொல்லவே இல்லண்ணா." பாயின்ட் அதான். வலி மாத்திரை சாப்பிடறவங்களுக்குப் பல சமயம் வலியே தெரியாம ரத்தம் போகும்.

என் கட்சி இதுதான்:

1. மலம் தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, நாத்தத்தோட போனாலோ, வாந்தி காபித்தூள் மாதிரி வந்தாலோ, மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி. நம்மூர்ல புத்தூர் அரசு மருத்துவமனை இருக்கு, 108 இருக்கு. (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பா போகும்தான். அதை டாக்டர் முடிவு பண்ணட்டும்.)

2. 'செட்' மாத்திரையை விட்டொழிங்க. அறுபது தாண்டினவங்க, ஏற்கனவே அல்சர் வந்தவங்க, இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடறவங்க வலி மாத்திரை எடுத்தே ஆகணும்னா, கூட அமிலம் குறைக்கற மாத்திரை வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இவங்களுக்கு அது தேவைதான்.

3. ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க. புண்ணுக்குப் பயந்து நிறுத்தி, மாரடைப்புல போனவங்க உண்டு.

4. காரமும் கவலையும் மட்டும்தான் அல்சருக்குக் காரணம்னு பேசறதை நிறுத்துவோம். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டுபிடிச்சதுக்காக மார்ஷலும் வாரனும் 2005-ல நோபல் வாங்கியாச்சு. பரிசோதனை பண்ணி, கிருமி இருந்தா ஆன்டிபயாடிக்கால அழிக்கணும். இல்லேன்னா புண் ஆறும், திரும்ப வரும்.

5. சீட்டுல கேஸ் மாத்திரை இருந்தா "எத்தனை நாளைக்கு டாக்டர்?"னு கேளுங்க. வருஷக்கணக்கா காரணமில்லாம சாப்பிட்டா பி12, மெக்னீசியம் குறையலாம்.

டாக்டருங்க மேலயும் எனக்குக் கோபம் இருக்கு. சளிக்குப் போனாலும் சீட்டுல இந்த மாத்திரை விழுது. தேவையில்லாத நூறு பேருக்கு எழுதறதால, நிஜமா வேணுங்கற ஒருத்தர்கூட "அது சாதா கேஸ் மாத்திரைதானே"ன்னு பாதியில விட்டுடறார். மருந்தை மலிவாக்கினது விலை இல்லை, நாமதான்.

உங்க வீட்டுப் பெரியவங்க மாத்திரை டப்பாவை இன்னிக்கு ஒரு தடவை தொறந்து பாருங்க. வலி மாத்திரை எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க, பேசுவோம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. படிச்சுத் தெரிஞ்சுகிட்டதைச் சொல்றவன். வைத்தியம் டாக்டர்கிட்டயே பாத்துக்குங்க :-)