மூன்றாம் வருஷம் எந்த ஆஸ்பத்திரி?

நம் சங்கத்தில் அறுபதைக் கடந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அமெரிக்காவில் போய்த்தான் நிற்கிறது. ஒரு காலத்தில் எம்.எஸ். படிப்பு, ஹெச்-1 விசா, வீடு வாங்கியது என்று பேசினோம். இப்போது அங்கேயே பிறந்து வளர்ந்த பேரன் பேத்திகள் பட்டப்படிப்பை முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே பேச்சு மெடிக்கல் சீட்டுக்கு வந்திருக்கிறது. அதிலும் "டி.ஓ. காலேஜில் கிடைத்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் உடனே ஒரு மௌனம். "ஏன், எம்.டி. கிடைக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர், "டி.ஓ. என்றால் கண் வைத்திய டிப்ளமா அல்லவா, அதற்கா இவ்வளவு செலவு?" என்பார். நம் நாட்டில் அந்த எழுத்துகளுக்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பதால் அவரையும் குறை சொல்ல முடியாது.

என் அக்கா பேத்திக்கு இந்த வருஷம் இரண்டு டி.ஓ. கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. எதில் சேருவது என்று அமெரிக்காவில் அவள் வீட்டிலும், சென்னையில் அக்கா வீட்டிலும், இங்கே நாக்பூரில் என் வீட்டிலும் ஒரு மாதமாக விவாதம். நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். இருந்தாலும் விவரங்களைச் சேகரித்துப் பார்த்ததில் எனக்கென்று ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கிறது. நம்மில் பல குடும்பங்களுக்கு இதே கேள்வி வரக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் டி.ஓ. என்றால் என்ன என்று பார்ப்போம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க வைத்தியர் 1864ல் தம் குழந்தைகள் மூவரை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அக்கால மருந்துகளில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. எலும்பு, தசை, மூட்டுகளின் அமைப்பைச் சீர்செய்தால் உடம்பு தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் என்ற கொள்கையை வகுத்து, 1892ல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் ஆஸ்டியோபதி. முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார் என்பது அவர் பெருமை. நாளடைவில் இந்தக் கல்லூரிகள் மருந்து, அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டன. இன்று அங்கே டி.ஓ. மாணவர்கள் எம்.டி. மாணவர்கள் படிப்பதை எல்லாம் படித்து, கையால் செய்யும் சிகிச்சை முறையை ஏறக்குறைய இருநூறு மணி நேரம் கூடுதலாகக் கற்கிறார்கள்.

இந்தச் சமத்துவம் சும்மா வந்துவிடவில்லை. அமெரிக்க ராணுவம் டி.ஓ.க்களைத் தன் டாக்டர் படையில் சேர்த்துக்கொள்ள முன்வந்தது 1966ல்தான். அதற்கு முன் 1962ல் கலிபோர்னியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. அறுபத்தைந்து டாலர் கட்டணமும் ஒரு சிறு பயிற்சியுமாக, சுமார் இரண்டாயிரம் டி.ஓ.க்களை எம்.டி. என்று மாற்றிவிட்டார்கள்! நேற்றுவரை மட்டமாக இருந்தவர் அறுபத்தைந்து டாலரில் உயர்ந்துவிட்டார் என்றால், வித்தியாசம் எங்கே இருந்தது என்று நாமே யோசித்துக்கொள்ளலாம். இன்று ஐம்பது மாநிலங்களிலும் டி.ஓ.வுக்கு முழு உரிமை உண்டு. அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் டி.ஓ. மாணவர். ஜனாதிபதி பைடனுக்கு டாக்டராக இருந்த கெவின் ஓ'கானரும், டிரம்ப்பின் முதல் ஆட்சியில் அவருக்கு டாக்டராக இருந்த ஷான் கான்லியும் டி.ஓ.க்களே. ஜனாதிபதியின் நாடியைப் பிடிக்கலாம் என்றால் நம் நாடியைப் பிடிக்கக் கூடாதா? ஆனால் பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்று போர்டு போட்டிருப்பவர் வேறு. அவர் மருந்து எழுதும் டாக்டர் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

டி.ஓ., எம்.டி. வித்தியாசமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். படிப்பு முடிந்து ரெசிடென்ஸி என்ற மேல்பயிற்சிக்கு இருவகையினரும் முன்பு தனித்தனி வழியாகப் போனார்கள். 2015ல் தொடங்கி 2020ல் அது ஒரே வழியாயிற்று. இப்போது மார்ச் மாதத் தேர்வில் இறுதி ஆண்டு மாணவர்களில் இருவகையிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இடம் பெறுகிறார்கள். ஆனால் மூளை அறுவை, தோல், பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற சில துறைகளில் டி.ஓ. மாணவருக்குக் கதவு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. குழந்தை வைத்தியம், குடும்ப வைத்தியம், பொது மருத்துவம் என்று போகிறவருக்கு அந்தக் கவலை அநேகமாக இல்லை.

இனி எங்கள் வீட்டு வழக்கு. ஒன்று, அவர்கள் மாநிலத்து அரசுக் கல்லூரி. பல ஆண்டுகளாக நடப்பது. ஆனால் வீட்டிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் தள்ளி ஒரு சிற்றூரில் இருக்கிறது. மற்றொன்று தனியார் கல்லூரி. தொடங்கி இரண்டு வருஷந்தான் ஆகிறது. முதல் அணி இன்னும் பட்டம் பெறவில்லை. ஆனால் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். கண்ணாடிக் கட்டடம். படத்தில் பார்த்தால் ஐந்து நட்சத்திர ஓட்டல் போல் இருக்கிறது.

அக்கா மகளுக்குத் தனியார் கல்லூரியில்தான் மனம். "மாமா, பக்கத்திலேயே இருந்தா சாப்பாட்டுக் கவலை இல்லை. வீட்டு வாடகை மிச்சம். அந்த ஊர்ல பனி வேற கொட்டும், தனியா எப்படி விடறது?" என்கிறாள். மாப்பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம். ஒரு வருஷம் காத்திருந்து எம்.டி.க்கு மறுபடி எழுதட்டும் என்கிறார். கல்லூரி நாலு வருஷம் முடித்த பெண், இன்னும் மெடிக்கல் நாலு, ரெசிடென்ஸி குறைந்தது மூன்று வருஷம் படிக்க வேண்டியவள், கையில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வராத இடத்துக்குக் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் விரும்புவதோ குழந்தை வைத்தியம்.

பக்கத்தில் இருப்பது மிச்சம் என்ற வாதத்துக்கு மதிப்பு உண்டு. ஆகவே பழைய பழக்கப்படி எஸ்டிமேட் போட்டுப் பார்த்தேன். அரசுக் கல்லூரியில் வருஷத்துக்குக் கட்டணம் 38,000 டாலர், தங்கவும் சாப்பிடவும் 24,000, ஆக 62,000. நாலு வருஷத்துக்கு 2,48,000. தனியார் கல்லூரியில் கட்டணம் 62,000. வீட்டிலிருந்தே போவதால் மேல்செலவு 8,000 போதும், ஆக 70,000. வித்தியாசம் எட்டாயிரம்தானே என்று தோன்றும்.

ஆனால் வீட்டிலிருந்து போவது இரண்டு வருஷக் கதைதான். அமெரிக்க மருத்துவப் படிப்பில் முதல் இரண்டு வருஷம் வகுப்பறை. அடுத்த இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டு. நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரியை நினைத்தால் கூடவே பெரிய ஆஸ்பத்திரியும் நினைவுக்கு வரும். அங்கே டி.ஓ. கல்லூரிகள் பலவற்றுக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. மூன்றாம் வருஷம் மாணவர்களைப் பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். இந்தத் தனியார் கல்லூரி தன் மாணவர்களில் ஒரு பகுதியினரை வேறு மாநிலங்களுக்கே அனுப்புகிறது. யாருக்கு எந்த ஊர் என்பது இரண்டாம் வருஷக் கடைசியில்தான் தெரியும். அப்போது வாடகை, கார், பெட்ரோல் எல்லாம் வந்துவிடும். அந்த இரண்டு வருஷத்துக்கு 88,000 வீதம் போட்டால் மொத்தம் 3,16,000. வித்தியாசம் 68,000 டாலர்.

இந்தத் தொகை இப்போது முன்னைவிட முக்கியம். முன்பெல்லாம் படிப்புச் செலவு எவ்வளவோ அவ்வளவையும் அரசாங்கக் கடனாக வாங்க முடிந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான் அரசாங்கக் கடன். மீதியைக் கைப்பணமாகவோ, தனியார் வங்கிக் கடனாகவோ தேட வேண்டும். எங்கள் கணக்கில் அரசுக் கல்லூரிக்குத் துண்டு விழுவது 48,000. தனியார் கல்லூரிக்கு 1,16,000. பெற்றோர் வீட்டின் பேரில் கடன் வாங்கலாம்தான். ஆனால் அந்தக் கடன் பிற்பாடு பெண்ணின் மனசையும் பிடித்து ஆட்டும். அதிகச் சம்பளம் தரும் துறைக்குப் போ என்று கடன்தான் முடிவு செய்யும். குழந்தை வைத்தியம் அங்கே சம்பளம் குறைந்த துறைகளில் ஒன்று.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பிரஜையோ கிரீன் கார்டு உள்ளவரோ அல்லாத, ஹெச்-1 தகப்பனாரைச் சார்ந்த விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இந்த அரசாங்கக் கடன் கிடைக்காது. இருபத்தொரு வயதானால் அந்தச் சார்பு விசாவும் போய்விடும். நம் குடும்பங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் சேருவதற்கு முன் விசாவையும் கடனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பணத்தை ஒதுக்கிவிட்டாலும் என் வாதம் மாறாது. டாக்டர் உருவாவது மூன்றாம் வருஷத்தில்தான் என்று நினைக்கிறேன். உடற்கூறும் மருந்தியலும் புத்தகத்தில் இருக்கின்றன. எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து படித்தாலும் அதே பாடம். இரண்டு கல்லூரியிலும் எழுதுவது காம்லெக்ஸ் என்ற அதே லைசென்ஸ் பரீட்சை. 2022 முதல் அதன் முதல் கட்டத்துக்கு மதிப்பெண் இல்லை, தேறினார் தேறவில்லை என்பதோடு சரி. அதனால் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணுக்கும், வார்டில் வேலை வாங்கிய டாக்டர்கள் தரும் சிபாரிசுக் கடிதங்களுக்கும் மதிப்பு கூடிவிட்டது. இவை இரண்டும் மூன்றாம், நான்காம் வருஷத்து ஆஸ்பத்திரியிலிருந்து வருபவை.

நான் பாலிடெக்னிக் டிப்ளமாவோடு 1981ல் பி.டபிள்யூ.ஐ. அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். வளைவில் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற சூத்திரம் எனக்குத் தெரியும். ஆனால் ஸ்லீப்பரைத் தட்டி, ஓசையைக் கேட்டே அடியில் ஜல்லி இறங்கியிருப்பதைச் சொல்லும் வித்தையைக் கற்றுக் கொடுத்தவர், கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு கேங் மேட். டிராலியில் அவரோடு வெயிலில் போன மாதங்கள் இல்லாவிட்டால் என் டிப்ளமா வெறும் காகிதம். டாக்டருக்கும் இது பொருந்தும். நோயாளியின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கும்போது, "இங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே இடம் கிடைத்த பிள்ளைகள் கல்லூரியைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மூன்றாம் வருஷம் என்னை அனுப்பும் ஆஸ்பத்திரி எது? அது கல்லூரியோடு எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்திருக்கிறதா? அங்கே ரெசிடென்ட் டாக்டர்கள் இருக்கிறார்களா? பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் நேராக நிற்க விடுவார்களா? ஊர் மாற வேண்டுமானால் வீடு யார் பார்ப்பது? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நாலு வருஷத்தில் முடிக்கிறார்கள்? காம்லெக்ஸில் தேறுபவர்கள், ரெசிடென்ஸி பெறுபவர்கள் பற்றிய விகிதத்தை ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்துவிடலாம். பட்டம் பெற்ற அணியே இல்லாத கல்லூரியில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். முதல் அணி வெளிவரும் வரையில் அதற்கு முழு அங்கீகாரமும் வராது.

புதுக் கல்லூரி என்பதாலேயே மட்டம் என்று சொல்லவில்லை. எல்லாக் கல்லூரியும் ஒரு நாள் புதிதாக இருந்ததுதான். நல்ல ஆஸ்பத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கும் புதுக் கல்லூரி இருக்கலாம். மாணவனையே ஊர் ஊராக ஆஸ்பத்திரி தேட விடும் பழைய கல்லூரியும் இருக்கலாம். அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். இடத்தைப் பிடித்துவைக்கக் கட்டும் முன்பணம் பல கல்லூரிகளில் திரும்ப வராது. கட்டுவதற்கு முன்னால் கேட்பது உத்தமம்.

எங்கள் பெண் இரண்டு கல்லூரிக்கும் கடிதம் எழுதிக் கேட்டாள். அரசுக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் பட்டியலோடு, அங்கே படிக்கும் மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தியைப் பேசவும் வைத்தது. தனியார் கல்லூரியிலிருந்து "ஒப்பந்தங்கள் முடிவாகி வருகின்றன" என்று பதில் வந்தது. என் கட்சி எது என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் படிக்கப் போவது அவள். பனியில் நடக்கப் போவதும் அவள்தான். அக்கா மகளிடம் நான் சொன்னது ஒன்றே: "ஐந்து மணி நேரம் தூரம் என்பது மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிற தூரம். மூன்றாம் வருஷம் அவளை எந்த மாநிலத்துக்கு அனுப்புவார்களோ, அது எவ்வளவு தூரமென்று உனக்கு இன்றைக்குத் தெரியுமா?"

இங்கே இருக்கும் நாம் போனில் பேசும்போது "எம்.டி.யா, டி.ஓ.வா?" என்று கேட்டு அந்தப் பிள்ளைகளைக் குறுகச் செய்ய வேண்டாம். "மூன்றாம் வருஷம் எந்த ஆஸ்பத்திரி? கடன் எவ்வளவு?" என்று கேட்போம். பதில் அவர்களுக்குத் தெரியாவிட்டால், தெரிந்துகொள்ள இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்வோம்.