தோரமல்லியும் நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடமும்

லக்கல சகோதர சகோதரிகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

ஓ.எல். முடிந்ததும் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "விஞ்ஞானமெல்லாம் டவுன் பிள்ளைகளுக்கு. மகன் கல் வியாபாரத்துக்குப் போகட்டும், மகள் ஆர்ட்ஸ் செய்யட்டும்." கல் வியாபாரத்தை நாம் குறை சொல்லவில்லை. பக்கத்து எலஹெர கல்லால் எத்தனையோ வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் கல் ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம் என்று நாம் பிரித்து வைத்திருப்பதுதான் பிழை.

நம் கல்லுக்காரர்கள் தோரமல்லி என்று சொல்வதைத்தான் உலகம் டூர்மலின் என்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இங்கிருந்து கல்லோடு பெயரையும் கொண்டுபோனார்கள். ஒளி பல திசைகளில் அதிர்கிறது. தோரமல்லித் துண்டு ஒரு திசை அதிர்வை விட்டு மற்றதை விழுங்கிவிடும். இதைத்தான் பாடத்தில் முனைவாக்கம் என்கிறோம். தோரமல்லியின் இந்தக் குணத்தைப் பிரான்சில் பியோ என்பவர் 1815இல் கண்டார். அயோலைட் கல்லைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் ஊதா நீலம், இன்னொரு பக்கம் வெளிறிய மஞ்சள். நம் வியாபாரிகளுக்கு இது தெரியும். டைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இதே அயோலைட்டை பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞர் ஆராய்ந்தார். பெயர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம். சி.வி. ராமனின் சகோதரி மகன். 1956இல், 22 வயதில், ஒரு விடயத்தை எழுதினார். ஒளியின் முனைவாக்கத்தைப் படிப்படியாக மாற்றி, கடைசியில் தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்தாலும், அலை சற்று நகர்ந்திருக்கும். எவ்வளவு நகரும் என்பது அது சுற்றிவந்த பாதையைப் பொறுத்தது. அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1969இல், 35 வயதில், ஒக்ஸ்போர்டில் மௌத்தானார். 1984இல் மைக்கல் பெரி இதே கருத்தைப் பொதுவாக நிறுவிய பிறகுதான், ராமசேஷனும் நித்யானந்தாவும் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினார்கள். 1987இல் பெரியே எழுதி அவருக்கு உரியதைக் கொடுத்தார்.

இதனால் என்ன பயன்? ஒரு மெல்லிய தகட்டில் இடத்துக்கு இடம் படிக அச்சின் திசையை மாற்றி வைத்தால், அதைக் கடக்கும் லேசர் கற்றையை நாம் விரும்பிய வடிவில் செதுக்கலாம். சைக்கிள் சில்லின் கம்பிகள் போல, நடுவிலிருந்து வெளியே அதிரும் ஒளியையும் செய்யலாம். அதை வலுவான வில்லையால் குவித்தால், ஓரத்துக் கதிர்கள் செங்குத்தாக வளைந்து உள்ளே வரும். நடுவில் குறுக்கு அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். கற்றை போகும் திசையிலேயே அதிர்வு மிஞ்சும். அப்படிக் கிடைக்கும் புள்ளி சாதாரண முனைவாக்க ஒளியின் புள்ளியை விடச் சிறியது. 2003இல் ஜேர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள்.

நடுவில் இருள் உள்ள உளுந்துவடை வடிவக் கற்றையை வைத்து, ஸ்டெஃபான் ஹெல் கலத்துக்குள் முன்பு தெரியாததைப் பார்க்க வழி செய்தார், 2014இல் நோபல். அதிலும் முனைவாக்கம் பிழைத்தால் நடுவில் ஒளி கசிந்து எல்லாம் கெட்டுவிடும். குவித்த ஒளியால் பக்டீரியாவைப் பிடித்து நிறுத்திய ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018இல், 96 வயதில், நோபல் கிடைத்தது.

நம் மேடைகளில் ஒளி என்றால் இப்னுல் ஹைதம் பெயரோடு பேச்சை முடித்துவிடுகிறோம். அவர் ஆயிரம் வருடத்துக்கு முன் கையால் பரிசோதனை செய்தவர். நாம் பெயரை மட்டும் மனனம் செய்கிறோம், பிள்ளை கையில் ஒரு வில்லையையாவது கொடுப்பதில்லை.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கிறது, பஸ் பிரச்சினை, விடுதிச் செலவு. பெண் பிள்ளை என்றால் அதோடு கதை முடிந்தது. கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை வீட்டில் அழுததை நாம் பார்த்திருக்கிறோம். பள்ளிவாசலுக்கு டைல்ஸ் மாற்ற ஒரே ஜும்ஆவில் காசு சேர்க்கும் ஊர் இது. வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளின் விடுதிச் செலவை நம்மால் ஏற்க முடியாது என்று யாராவது சொன்னால் நாம் நம்ப மாட்டோம். நிர்வாக சபை அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும்.

கல்லுக்காரர்களிடம் இன்னொரு கேள்வி. விலை போகாத அயோலைட் அல்லது தோரமல்லித் துண்டு இரண்டு மூன்று பாடசாலைக்குத் தருவீர்களா? எல்.சி.டி. திரையுள்ள பழைய போனில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, மேலே அயோலைட்டை வைத்துத் திருப்பினால் நிறம் மாறும். பிள்ளைகளுக்கு அது போதும், பிறகு கேள்விகளை அவர்களே கேட்பார்கள். பழுதான கல்குலேட்டர் இருந்தாலும் வீசாதீர்கள். அதன் திரைமேல் ஒட்டியிருக்கும் தாள் முனைவாக்கி. பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள்.