கறுப்பு வெள்ளையில் ஒரு வதைக்கூடம்

2005 ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த 'தி பனிஷர்' என்னும் வீடியோ விளையாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. வொலிஷன் நிறுவனம் உருவாக்கி, டி.எச்.க்யூ. நிறுவனம் வெளியிட்ட அவ்விளையாட்டை, அந்நாட்டின் தரவரிசை வாரியமான ஈ.எஸ்.ஆர்.பி., வயது வந்தோர்க்கு மட்டுமே உரியது என்று முதலில் கருதியது. அம்முத்திரை விழுந்த விளையாட்டைப் பெருங்கடைகள் அடுக்கி வைப்பதில்லை. எனவே அது வணிகத்திற்குச் சாவோலை போன்றது. வெளியிட்டோர் திருத்தத்திற்கு இசைந்தனர். என்ன திருத்தம்? மனிதனைக் கொடூரமாகக் கொல்லும் கணத்தில் திரையின் வண்ணம் மறைந்து, படம் கறுப்பு வெள்ளையாகும். காட்சியின் கோணமும் சற்றே விலகிக்கொள்ளும். அவ்வளவே. வாரியம் மனநிறைவு கொண்டது. பதினேழு வயதினர் வாங்கலாம் என்ற முத்திரை கிடைத்தது.

குருதியின் சிவப்பு போயிற்று, குருதி போகவில்லை. கொல்லப்படுபவன் அப்படியே இருக்கிறான். அவனது அலறலும் இருக்கிறது. அவனைப் பற்றியிருக்கும் கையும் விளையாடுபவனின் விரலுக்கு அடங்கியே இருக்கிறது. கண்ணுக்கு ஒரு திரையிட்டால் கையின் செயல் மாறிவிடுமா என்று அவ்வாரியத்தில் ஒருவரேனும் கேட்டிருக்க வேண்டாவா? இக்கட்டுரையின் வழக்கு இவ்வொரு கேள்வியைப் பற்றியதே.

பனிஷர் யாரென அறியாத வாசகர்க்காகச் சில சொல்ல வேண்டும். 'தண்டிப்பவன்' என்பது பெயரின் பொருள். 1974 இல் மார்வெல் நிறுவனத்தின் ஸ்பைடர்மேன் சித்திரக்கதை வரிசையின் 129 ஆம் இதழில், ஜெரி கான்வே என்னும் எழுத்தாளர் இவனை முதன்முதலாக அறிமுகப்படுத்தினார். இயற்பெயர் ஃபிராங்க் காசில்; வியட்நாம் போரில் பணியாற்றியவன். நியூயார்க்கின் மையப் பூங்காவில் மாஃபியா கும்பலின் துப்பாக்கிச் சண்டைக்கு மனைவியையும் இரு பிள்ளைகளையும் பலிகொடுத்தவன். பறக்கும் ஆற்றலோ சுவரேறும் ஆற்றலோ இவனுக்கு இல்லை; மார்பில் வெண்ணிற மண்டையோடும், கையில் துப்பாக்கியும், நெஞ்சில் தீராப் பகையுமே உண்டு.

அந்த முதற்கதையில் ஒரு செய்தி இருக்கிறது. விளையாட்டு ஆர்வலர்கள் அதனை நினைப்பதில்லை. அங்கே இவன் நாயகனல்லன், நாயகனை வேட்டையாட வந்தவன். ஸ்பைடர்மேன் ஒரு கொலைகாரன் என்று வேறொருவன் சொன்ன பொய்யை நம்பி, குற்றமற்றவனைக் கொல்லத் துடிக்கிறான். நீதிமன்றமும் சாட்சியும் வேண்டா, தன் துப்பாக்கியே போதும் என்றிருப்பவன் முதல் அடியிலேயே ஆளை மாற்றிக் குறிவைக்கிறான்! தன் பாத்திரம் எங்கே இடறும் என்பதைப் படைத்தவர் நன்கு அறிந்திருந்தார்.

முப்பதாண்டுகளுக்குப் பின் வந்த விளையாட்டில் அந்த இடறல் துடைக்கப்பட்டுவிட்டது. இதன் கதையில் பங்கேற்றவர்கள் சித்திரக்கதை உலகில் பெயர் பெற்ற கார்த் என்னிஸும் ஜிம்மி பால்மியோட்டியும். 2004 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் காசிலாக நடித்த தாமஸ் ஜேன் இங்கும் குரல் கொடுத்திருக்கிறார். ஆகவே இதனைத் திறமையற்றோர் கைவண்ணம் என்று தள்ளிவிட இயலாது. சுடுவதும் குத்துவதும் பிற விளையாட்டுகளிலும் உண்டு. இதற்கே உரிய சிறப்பு 'விசாரணை'. எதிரியைப் பற்றிப் பிடித்துக் கழுத்தை நெரிக்கலாம், முகத்தில் குத்தலாம், தலையைத் தரையில் மோதலாம், துப்பாக்கியை முகத்தில் வைத்து அச்சுறுத்தலாம். ஆங்காங்கே குறியிட்ட சிறப்பிடங்களும் உண்டு: ஒன்றில் துளைபோடும் இயந்திரம், ஒன்றில் உயர்மாடிச் சன்னல், உயிரியல் பூங்காவில் தசை தின்னும் மீன்களின் தொட்டி.

அப்போது திரையில் ஓர் அளவுகோல் தோன்றுகிறது. விளையாடுபவன் கைப்பிடியை மெல்ல அசைத்து, அகப்பட்டவனின் அச்சத்தைக் குறிப்பிட்ட எல்லைக்குள் சில விநாடிகள் நிறுத்த வேண்டும். குறைந்தால் அவன் வாய் திறவான், மிகுந்தால் செத்துப்போவான். சரியான அளவில் நிறுத்தினால் 'உடைந்து' விடுகிறான். அறிய வேண்டியதைச் சொல்கிறான். அதற்குப் புள்ளிகள் உண்டு. அப்புள்ளிகளைக் கொண்டு மேலும் ஆற்றல்களை வாங்கலாம். ஒரு மனிதனைச் சாகவிடாமல், சாவின் விளிம்பிலேயே நிறுத்திவைக்கும் நுண்ணிய கைத்திறனுக்கு இங்கே மதிப்பெண் அளிக்கப்படுகிறது. உலகின் வதைக்கூடங்களில் ஊதியம் பெற்றோர் பயின்ற திறன் இதுவே அன்றோ!

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். இதை விளையாடிய இளைஞன் மறுநாளே கொலைகாரனாவான் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு மேடைதோறும் முழங்குவோர் உண்டு. அவர்களது முழக்கம் உண்மையான குற்றச்சாட்டை வலுவிழக்கச் செய்கிறது. கோடிக்கணக்கானோர் விளையாடினர், கொலை செய்யவில்லை என்ற ஒரே விடையில் அது வீழ்ந்துவிடும்.

கலிபோர்னியா மாநிலம் 2005 இல் இத்தகைய விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விற்பதைத் தடுத்து ஒரு சட்டம் இயற்றியது. அவ்வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2011 இல் ஏழு நீதிபதிகளுக்கு இருவர் என்ற கணக்கில் அச்சட்டம் தள்ளுபடியாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஆண்டனின் ஸ்காலியா. கத்தோலிக்கர் என்று நன்கு அறியப்பட்டவர். சிறுவர் கதைகளில் கொடுமைக்கு என்ன குறை என்று அவர் கேட்டார். ஹான்சலும் கிரெட்டலும் கிழவியை அடுப்பில் தள்ளவில்லையா? ஓமரின் காவியத்தில் ஒற்றைக்கண்ணனின் கண்ணைக் குத்தவில்லையா? தாந்தேயின் நரகத்தில் ஊழல் அரசியலார் கொதிக்கும் கீலில் அமிழவில்லையா? சட்டநூல் வகையில் அத்தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அரசு ஆணையிடுவதை நானும் விரும்புகிறவனல்லன்.

ஆயின், ஒப்புமை பொருந்துமா? தாந்தேயைப் படிப்பவன் கீல்கொப்பரையின் வெப்பத்தை ஏற்றி இறக்குவதில்லை. அக்காவியத்தில் தாந்தே தண்டனை கண்டு அழுகிறார், மயங்கி வீழ்கிறார்; படிப்பவனும் அவரோடு நடுங்குகிறான். ஹான்சல் கதை கேட்கும் குழந்தை, கூண்டில் அடைபட்ட குழந்தையின் பக்கம் நிற்கிறது. பனிஷர் விளையாட்டில் விளையாடுபவன் நிற்கும் இடம் கூண்டுக்கு வெளியே, நெம்புகோலின் அருகே. கேட்பதற்கும் செய்து பழகுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறநெறி இறையியல் பயின்ற எவரும் அறிவர். செயல் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தே பழக்கமாகிறது, பழக்கமே பண்பையோ தீப்பண்பையோ வடிக்கிறது என்பது புனித தோமா அக்குவினாவின் நூல்களில் நாங்கள் குருமடத்தில் கற்ற தொடக்கப் பாடம்.

இதனினும் பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு: இவ்விளையாட்டு சொல்வது பொய். வதைத்தால் உண்மை வெளிவரும் என்பது அப்பொய். இவ்விளையாட்டில் விசாரணைக்கு அகப்படுபவன் குற்றவாளியே. உடைந்தவன் சொல்வது பயன்படும் செய்தியே. வதைத்தவனின் கணக்கு தப்புவதில்லை. உலகில் நடந்தது என்ன? ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளை இழிவுசெய்த படங்கள் வெளியானது 2004 ஏப்ரலில். ஓராண்டு நிறையுமுன்னரே இவ்விளையாட்டு கடைக்கு வந்தது. அதற்கும் முன்னர், இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்பவரை எகிப்தியர் கையில் ஒப்படைத்து விசாரித்தனர். வதை தாங்காமல் அவர், ஈராக் அரசு அல்-காய்தாவினருக்கு நச்சுப் படைக்கலப் பயிற்சி அளித்ததாகச் சொன்னார். 2003 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் காலின் பவல் ஆற்றிய உரையில் அச்செய்தி இடம்பெற்றது. மறுமாதம் போர் மூண்டது. 2004 இல் அல்-லிபி தாம் சொன்னதை மறுத்துவிட்டார். அவரும் 'உடைந்தவர்'தாம். அளவுகோல் சரியாகத்தான் இருந்தது, வெளிவந்தது பொய். 2014 டிசம்பரில் வெளியான அமெரிக்க மேலவைப் புலனாய்வுக் குழுவின் அறிக்கை, சி.ஐ.ஏ.யின் கொடிய விசாரணை முறைகள் பயனுள்ள வழியாக அமையவில்லை என்று பக்கம் பக்கமாகக் காட்டியது.

திருச்சபையைச் சேர்ந்த நாம் இதைப் பேசுகையில் குரலைத் தாழ்த்தியே பேச வேண்டும். 866 இல் திருத்தந்தை முதலாம் நிக்கோலாசு, பல்கேரிய அரசருக்கு எழுதிய மடலில், அடித்து வாங்கும் வாக்குமூலத்தைக் கண்டித்தார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, 1252 இல் திருத்தந்தை நான்காம் இன்னொசெந்து, தப்பறையாளரை விசாரிக்க வதையை அனுமதித்தார். உறுப்பு சிதையலாகாது, உயிருக்கு இடர் நேரலாகாது என்று எல்லையும் வகுத்தார்! கறுப்பு வெள்ளையாக்கி ஒப்புதல் தந்த வாரியத்துக்கு அந்நாளிலேயே முன்னோடிகள் இருந்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது. செயலை விட்டுவிட்டு அதன் ஓரங்களைச் செப்பனிடும் மனம் எக்காலத்தும் ஒன்றே. இன்று திருச்சபையின் மறைக்கல்வி நூல், வாக்குமூலத்துக்காகவும் தண்டனைக்காகவும் பழிதீர்ப்புக்காகவும் செய்யப்படும் வதை மனித மாண்புக்கு எதிரானது என்று ஐயமின்றிக் கூறுகிறது. கடந்த காலத்தின் கொடிய வழக்கங்களையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது.

ஃபிராங்க் காசிலின் வாழ்வில் எங்களைப் போன்றோரை நேரே தொடும் செய்தி ஒன்று உண்டு. 1989 இல் வெளியான சித்திரநூல் ஒன்றின்படி, அவன் மணம் புரிவதற்கு முன் கத்தோலிக்கக் குருவாவதற்குப் பயின்றவன். தீமை செய்தோரை மன்னிக்க இயலவில்லை என்று உணர்ந்து வெளியேறினான். மனைவி மக்கள் மாண்டது அதற்குப் பல்லாண்டுகள் பின்னர். ஆகவே, துயரமே அவனைக் கொலைஞனாக்கியது என்று ரசிகர்கள் சொல்லும் சமாதானம் அரைகுறையானது. மன்னிக்க மறுத்த நெஞ்சு முன்பே இருந்தது. துயரம் அதற்கு ஒரு சீருடை தைத்துக் கொடுத்தது. தொடக்கநூலில் காயினின் வழிவந்த இலாமேக்கு, தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டு எழுபத்தேழு மடங்குப் பழியைப் பெருமையாகப் பாடுகிறான். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது, ஆண்டவர் அந்த எண்ணையே எடுத்து மன்னிப்பின் பக்கம் திருப்பி வைத்தார். காசில் அவ்விரு கணக்குகளையும் அறிந்து, இலாமேக்கின் கணக்கைத் தெரிந்துகொண்டவன். மனைவி மக்களை இழந்தவனின் கண்ணீரைப் பழிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆனால் அக்கண்ணீரைக் கைப்பிடியும் அளவுகோலும் ஆக்கி விற்போர்க்கு அவனது துயரத்தில் என்ன பங்கு?

அந்த மண்டையோடு பின்னர் சென்ற இடங்களையும் காண வேண்டும். ஈராக்கில் கிறிஸ் கைல் என்னும் குறிசுடு வீரரின் படைப்பிரிவினர் அதனை அணிந்தனர். 2017 இல் கென்டக்கி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் காவல்துறை அதனைத் தன் வண்டிகளில் ஒட்டி, கண்டனம் எழுந்தபின் அகற்றியது. 2021 சனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டத்திலும் அது காணப்பட்டது. இவர்கள் அனைவரும் இவ்விளையாட்டை ஆடித்தான் அவ்வாறு ஆயினர் என்பது என் வாதமன்று. நீதிமன்றம் வேண்டா, என் கையே நீதி என்னும் எண்ணத்துக்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. அது ஆயத்தமாகக் கிடைத்தது.

படைத்தவரே இதற்கு உடன்படவில்லை. சட்டத்தைக் காக்க வந்தவர் சட்டம் தோற்றதன் அடையாளத்தை அணிவதா என்று ஜெரி கான்வே 2019 இல் வெளிப்படையாகவே கண்டித்தார். அதே ஆண்டு வெளியான பனிஷர் சித்திரக்கதை ஒன்றில், காவலர் இருவர் காசிலைக் கண்டு மகிழ்ந்து, தம் வண்டியில் ஒட்டிய மண்டையோட்டைக் காட்டுகின்றனர். அவன் அதனைக் கிழித்தெறிந்து, நீங்கள் சட்டத்தைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்தவர்கள், நான் அதையெல்லாம் துறந்தவன், முன்மாதிரி வேண்டுமாயின் கேப்டன் அமெரிக்காவிடம் செல்லுங்கள் என்று அனுப்பிவிடுகிறான். குருமடத்தை விட்டுச் சென்றவனுக்கு அவ்வளவு தன்னறிவேனும் எஞ்சியிருந்தது.